விமானிகளுக்கு நம் சங்கம் ஏன் ஆதரவுத் தீர்மானம் போட வேண்டும்?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளராக இருக்கும் தோழர் கேட்டது இது. அவருடைய அக்கா மகன் ஒரு தனியார் விமான நிறுவனத்தில் கோ-பைலட், அதாவது துணை விமானி. அங்கே புது ஒப்பந்தப் பேச்சு மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. "மற்ற சங்கங்கள் ஆதரவுத் தீர்மானம் போட்டுக் கொடுத்தால் எங்களுக்குப் பலம், உங்க சங்கத்துல பேசிப் பாருங்க மாமா" என்று கேட்டிருக்கிறான். பொதுக்குழுவில் வைத்தபோது, "மாசம் லட்சக்கணக்குல வாங்குறவங்களுக்கு நாம ஏன் கொடி பிடிக்கணும்?" என்று ஒருவர் எழுந்து கேட்க, கூட்டம் கைதட்டியிருக்கிறது. "அவர்கள் கேட்பது நியாயமா? எங்களை மாதிரி ஒரு சின்ன சங்கம் சொல்லி அங்கே என்ன ஆகப்போகிறது?" என்பது தோழரின் கேள்வி.

பதில்:

தீர்மானம் போடுங்கள் தோழர். ஆனால் அதில் என்ன எழுதுகிறீர்கள், எதை எழுதாமல் விடுகிறீர்கள், பதிலுக்கு அவர்களிடம் என்ன கேட்கிறீர்கள் என்பதை யோசித்துப் போடுங்கள். புதுச்சேரியில் சங்க வேலையிலும் சமரசப் பேச்சுவார்த்தை மேசைகளிலும் நீண்ட காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் பொதுக்குழுவில் எழுந்து கேட்டவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நாள் கூலிக்கு ரசாயன நெடியில் நிற்பவருக்கு அந்தக் கோபம் வரத்தான் செய்யும். ஒரு கேப்டன் ஒரு மாதத்தில் வாங்குவதை நம் ஆள் சம்பாதிக்க வருடங்கள் ஆகும். இதை மழுப்பினால் மேற்கொண்டு நாம் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஒப்புக்கொண்டுவிட்டே மேலே பேசுங்கள். சம்பளம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி, அந்தச் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. நம் ஆளுக்கும் விமானிக்கும் முதல் கேள்வியில் பெரிய தூரம் இருக்கிறது. இரண்டாவதில் அவ்வளவு தூரம் இல்லை.

உங்கள் அக்கா மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வாங்கி, ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டும் டைப் ரேட்டிங் பயிற்சியும் முடிப்பதற்குள் செலவு கோடியைத் தொடுகிறது. பெரும்பாலும் அது அப்பா அம்மா வீட்டை வைத்து எடுத்த கடன். வேலை பிடிக்கவில்லை என்று கிளம்ப நினைத்தால், 2017-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் போட்ட விதிப்படி கோ-பைலட் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஒரு மாத நோட்டீஸில் வேறு கம்பெனி பார்க்கும் சலுகை அவனுக்குக் கிடையாது. 'பிடிக்கலைன்னா போ' என்று முதலாளி சொல்லும்போது, உடனே போகவும் முடியாத ஆள் அவன். அப்படிப்பட்டவனுக்கு மிஞ்சுவது கூட்டாகப் பேரம் பேசுவது ஒன்றுதான்.

இந்தப் பேரம்தான் இங்கே நடப்பதில்லை. ஆலையில் நாம் கோரிக்கைப் பட்டியல் கொடுக்கிறோம், நிர்வாகம் மறுக்கிறது, தொழிலாளர் துறை அழைக்கிறது, இழுபறி முடிந்து சமரச ஒப்பந்தம் (பழைய சட்டத்தில் 12(3) ஒப்பந்தம்) போடுகிறோம். தனியார் விமான நிறுவனங்களில் பெரும்பாலும் அந்த வழியே இல்லை. 2023 ஏப்ரலில் ஏர் இந்தியா புதிய சம்பள ஒப்பந்தம் கொண்டுவந்தபோது சங்கங்களோடு உட்கார்ந்து பேசவில்லை. ஒவ்வொரு விமானிக்கும் தனித்தனியாக அனுப்பி ஏற்றுக்கொள்ளச் சொன்னது. அதில் ஒரு நுட்பமான வேலையும் இருந்தது. நான்கு வருடம் கேப்டனாக இருந்தவருக்கு 'சீனியர் கமாண்டர்' என்று பதவிப் பெயர் கொடுத்து நிர்வாகப் பிரிவில் சேர்ப்பது. நிர்வாகத்தில் சேர்ந்துவிட்டால் சங்கத்தில் எப்படி இருப்பார்? அனுபவம் உள்ளவர்களைச் சங்கத்திலிருந்து உருவும் வழி என்று விமானிகள் சரியாகவே புரிந்துகொண்டார்கள். நம் ஊர் ஆலைகளில் நன்றாகப் பேசத் தெரிந்த தொழிலாளிக்குத் திடீரென்று 'சூப்பர்வைசர்' பட்டம் வருமே, அதே வேலைதான்.

அடுத்த வருடம் விஸ்தாராவில் இன்னொன்று. பறக்கும் மணிக்கணக்கில்தான் விமானியின் சம்பளத்தில் பெரும்பகுதி இருக்கிறது. மாதம் எத்தனை மணி பறந்தாலும் குறைந்தது 70 மணிக்குச் சம்பளம் நிச்சயம் என்று இருந்ததை 40 மணி என்று குறைத்தார்கள். மழைக்காலத்தில் விமானம் ரத்தானாலும், ரோஸ்டர் என்ற பணிப்பட்டியல் போடுகிறவர் பெயரை விட்டுவிட்டாலும், காய்ச்சலில் படுத்தாலும் நஷ்டம் விமானிக்கு. காய்ச்சலோடு வேலைக்கு வரத் தூண்டும் சம்பள முறை, வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டுமா ஆபத்து? பின்னால் உட்கார்ந்திருக்கும் எழுபது, நூற்றெண்பது பேருக்கும்தான்.

அதனால் உங்கள் பொதுக்குழுவில் சம்பளத்தை விட்டுவிட்டு வேலை நேரத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். நம் பக்கத்து மக்களுக்கு அது உடனே புரியும். 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில்லில் பிரெஞ்சு அரசின் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்கள் கேட்டதில் முக்கியமானது வேலை நேரக் குறைப்பு. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தின் பலனாக 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ஒவ்வொரு ஜூலை 30-லும் நாம் மாலை போடுவது அதற்காகத்தான். விமானிகள் இன்று முக்கியமாக மோதிக்கொண்டிருப்பதும் வேலை நேரத்தின் மேல்தான்.

எவ்வளவு நேரம் பறக்கலாம், எவ்வளவு ஓய்வு வேண்டும், இரவில் எத்தனை முறை இறங்கலாம் என்பதற்கு ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. 2024 ஜனவரியில் இயக்குநரகம் அதைத் திருத்தியது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவு என்பது நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை, முன்பு 5 வரை. இரவு நேரத்தில் இறங்குவது ஆறு முறை என்பது இரண்டாகக் குறைந்தது. நிறுவனங்கள் எதிர்த்ததும் அமலாக்கம் தள்ளிப்போனது. விமானிகள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் விடாமல் நின்ற பிறகுதான் 2025 ஜூலையில் ஒரு பகுதியும் நவம்பர் 1-ல் மறுபகுதியும் அமலுக்கு வந்தன. அடுத்த மாதமே என்ன நடந்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நாட்டின் மிகப்பெரிய நிறுவனமான இண்டிகோ இந்த விதிகளுக்குத் தேவையான ஆட்களோடு தயாராக இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. விமான நிலையங்களில் ஜனங்கள் பெட்டிமேல் படுத்துக் கிடந்தார்கள். அரசு செய்த வேலை, அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு கொடுத்தது. வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்குக் காட்டக்கூடாது என்ற உத்தரவையும் திரும்பப் பெற்றது. ஆள் எடுக்காதது நிர்வாகம், ஓய்வை இழந்தது விமானி.

தூக்கத்தை லேசாக நினைக்காதீர்கள். 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். இரவெல்லாம் பறந்து விடிகாலையில் இறங்கிய விமானம் அது. கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தார், விழித்தபின் தெளிவு முழுதாகத் திரும்பாமல் முடிவெடுத்தார் என்று விசாரணை அறிக்கை சொன்னது. அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரம் அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தபோதும் இதே கதை வெளியே வந்தது. கோ-பைலட் பெண் முந்தைய இரவு முழுக்க நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயணியாகப் பறந்து வந்து வேலையில் சேர்ந்திருந்தார். வேலை செய்யும் ஊரில் வீடு எடுக்கும் அளவுக்கு அவருக்குச் சம்பளம் இல்லை. அதற்குப் பிறகுதான் அங்கே ஓய்வு விதிகள் மாறின, அதுவும் விமானிகள் சங்கமும் இறந்தவர்களின் குடும்பங்களும் விடாமல் பின்னால் நின்றதால்.

சரி, நியாயம் இருக்கிறது. ஆனால் மற்ற சங்கங்களின் ஆதரவு எதற்கு? விமானி ஓட்டவில்லை என்றால் விமானம் நிற்கும், அவருக்கு அதுவே போதாதா? உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் விமானிகளே பல தடவை அப்படி நினைத்து ஏமாந்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 1989-ல் உள்நாட்டு விமானிகள் 29.47 சதவீத உயர்வு கேட்டார்கள். அந்நாட்டின் மற்ற சங்கங்கள் அரசோடு போட்ட ஊதிய உடன்பாட்டுக்கு இவர்கள் வெளியே நின்றார்கள், மத்திய தொழிற்சங்க அமைப்பிலும் உறுப்பினர் இல்லை. காலை 9 முதல் மாலை 5 வரைதான் பறப்போம் என்று ஆரம்பித்தார்கள். பிரதமர் பாப் ஹாக் யார் தெரியுமா? அந்த மத்திய அமைப்பின் முன்னாள் தலைவர். அவரே விமானப்படை விமானங்களையும் வெளிநாட்டு விமானங்களையும் கொண்டுவந்து பயணிகளை ஏற்றினார். வழக்குக்குப் பயந்து 1,600-க்கும் மேற்பட்ட விமானிகள் ஒரே நாளில் ராஜினாமா செய்தார்கள். தங்கள் இடத்துக்கு யார் வருவார் என்று நினைத்தார்களோ தெரியாது, ஆட்கள் வந்தார்கள். பலர் அந்த நாட்டில் திரும்ப விமானம் ஓட்டவே இல்லை. மத்திய தொழிற்சங்க அமைப்பு அவர்களுக்காக நிற்கவில்லை.

அமெரிக்காவின் பத்து வருடக் கதை இன்னும் துல்லியமானது. 1981 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிபர் ரீகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களை வேலைநீக்கம் செய்தார். விமானிகள் தொடர்ந்து பறந்தார்கள். பறக்காமல் நின்றிருந்தால் கதை மாறியிருக்கும். 1983-ல் கான்டினென்டல் நிறுவனத்தில் மெக்கானிக்குகள் வெளியே வந்தார்கள், அப்போதும் விமானிகள் அவர்களைத் தாண்டி உள்ளே போய் விமானத்தை எடுத்தார்கள். சில வாரங்களில் முதலாளி ஃபிராங்க் லோரென்சோ திவால் மனு போட்டு எல்லா ஒப்பந்தங்களையும் கிழித்து, சம்பளத்தைப் பாதியாக்கினார். இப்போது விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு வருடம் இழுத்துத் தோற்றார்கள். கூட நிற்க யார் இருந்தார்கள்? இவர்கள் யாரோடு நின்றிருந்தார்கள்?

1985-ல் யுனைடெட் நிறுவனத்தில் நடந்தது வேறு மாதிரி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு மட்டும் குறைந்த சம்பள விகிதம் என்று நிர்வாகம் சொன்னது. ஏற்கெனவே இருந்த விமானிகளுக்கு ஒரு பைசா குறையாது. அவர்கள் பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. இன்னும் வேலைக்கே வராதவர்களின் சம்பளத்துக்காக மே மாதம் வேலையை நிறுத்தினார்கள். நிர்வாகமும் தயாராக இருந்தது. 570 புது விமானிகளைப் பயிற்சி கொடுத்துக் கையில் வைத்திருந்தது, வேலைநிறுத்த நாளில் ஏற்றிவிடலாம் என்று. அந்த நாள் வந்தபோது அந்த 570 பேரில் ஏறத்தாழ அத்தனை பேரும் கருங்காலியாகப் போக மறுத்துவிட்டார்கள். எல்லோரும் வேலை கிடைக்க வருடக்கணக்கில் காத்திருந்த இளைஞர்கள், உள்ளே போனால் கனவு வேலை கைக்கு வரும் என்று தெரிந்தவர்கள். 29 நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. கோபத்தில் நிர்வாகம் அந்த 570 பேரையும் எடுக்க மாட்டேன் என்றது. சங்கம் அவர்களை விடவில்லை, வழக்கு நடத்தி வேலைக்குள் கொண்டுவந்தது. எனக்குத் தெரிந்த தொழிற்சங்க வரலாற்றில் மில் கேட் போராட்டம் எதற்கும் குறையாத சம்பவம் இது. பொதுக்குழுவில் இதைச் சொல்லுங்கள், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு நன்றாகவே புரியும். நிரந்தரத் தொழிலாளி தன் சம்பளம் பத்திரம் என்று ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்கள் அவர்கள்தானே.

1989-ல் ஈஸ்டர்ன் நிறுவனத்தில், அதே லோரென்சோவிடம், மெக்கானிக்குகள் மறுபடி வேலைநிறுத்தம் செய்தபோது விமானிகளும் விமானப் பணிப்பெண்களும் இந்தமுறை அவர்களோடு நின்றார்கள். நிறுவனம் ஏறத்தாழ முடங்கியது. நவம்பரில் விமானிகள் ஆதரவு வேலைநிறுத்தத்தை விலக்கிக்கொண்டார்கள். 1990-ல் நீதிமன்றம் நிர்வாகத்தை லோரென்சோ கையிலிருந்து எடுத்தது, 1991 ஜனவரியில் நிறுவனமே மூடிவிட்டது. ஆதரவு இருந்தால் எப்போதும் ஜெயம் என்று நான் சொல்லவில்லை. எட்டு வருடம் முன்னாலேயே அந்த ஒற்றுமை இருந்திருந்தால் அந்த மாதிரி முதலாளி அவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு.

நம் நாட்டுக்கு வருவோம். 2007-ல் ஏர் இந்தியாவையும் இந்தியன் ஏர்லைன்ஸையும் இணைத்தார்கள். விமானிகளுக்கு இரண்டு சங்கம் அப்படியே இருந்தது. 2011 ஏப்ரல் இறுதியில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகள் சமச் சம்பளம் கேட்டுப் பத்து நாள் நிறுத்தினார்கள். அடுத்த வருடம் மே மாதம் பழைய ஏர் இந்தியா விமானிகளின் சங்கம் இறங்கியது. காரணம், புதிதாக வரவிருந்த டிரீம்லைனர் விமானத்தில் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்குப் பயிற்சி கொடுக்கக்கூடாது என்பது. ஒரே கம்பெனியின் இன்னொரு தொழிலாளிக்கு எதிரான கோரிக்கை. 58 நாள் நடந்தது. நூறு பேர் அளவில் வேலைநீக்கம், சங்க அங்கீகாரம் ரத்து, கடைசியில் உயர் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். அந்த 58 நாளும் பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் சங்கத்தின் விமானிகள் பறந்துகொண்டிருந்தார்கள். வேறென்ன செய்வார்கள்? தங்களுக்கு எதிரான வேலைநிறுத்தத்துக்கு யார் ஆதரவு கொடுப்பார்?

2009-ல் ஜெட் ஏர்வேஸில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். சங்கம் ஆரம்பித்ததற்காக இரண்டு விமானிகளை நீக்கினார்கள். நூற்றுக்கணக்கான விமானிகள் ஒன்றாக சிக் லீவ் போட்டார்கள். ஐந்தாறு நாளில் நிர்வாகம் நீக்கியவர்களைத் திரும்ப எடுத்தது. கோரிக்கை எல்லோருக்கும் பொதுவானதாக இருந்தது, ஆட்களும் பிரியவில்லை. 2012-ல் தங்களுக்குள் மோதிய அதே இரண்டு சங்கங்கள் 2023-ல் ஏர் இந்தியா ஒப்பந்தத்தைச் சேர்ந்தே எதிர்த்தன. 1,500-க்கும் மேற்பட்டவர்கள் ரத்தன் டாடாவுக்கு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். ஆனாலும் ஒப்பந்தம் ஒவ்வொரு விமானியின் கைக்கும் தனியாகப் போனதால் பெரும்பாலோர் கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள். பத்து வருடப் பிளவை ஒரு மனுவால் ஒட்ட முடியவில்லை.

மாறாக 2022, 23-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் விமானிகள் தங்கள் ஓய்வு நாளில் சீருடையோடு விமான நிலைய வாசலில் அட்டை பிடித்து நின்றால், போட்டி நிறுவனத்து விமானிகளும் சீருடையோடு வந்து பக்கத்தில் நின்றார்கள். டெல்டாவில் 99 சதவீதம் பேர் வேலைநிறுத்தத்துக்கு அனுமதி கொடுத்து வாக்களித்தார்கள். வேலைநிறுத்தம் நடக்கவே இல்லை. 2023 மார்ச்சில் நான்கு வருடத்தில் 34 சதவீத உயர்வு என்று ஒப்பந்தமானது. பிறகு அமெரிக்கன், யுனைடெட் இரண்டும் அதை ஒட்டியே கொடுக்க வேண்டியதாயிற்று. போட்டிக் கம்பெனி விமானி வெயிலில் வந்து நின்றது வெறும் நல்லெண்ணத்தால் இல்லை. இங்கே எழுதுவதுதான் நாளை தன் மேசைக்கு வரும் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது சட்டம். இதைக் கவனமாகப் படியுங்கள், உங்கள் தீர்மானத்தின் வாசகம் இதைப் பொறுத்தது. விமானி 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருவாரா என்பதே நீண்ட நாள் வழக்கு. மேற்பார்வை வேலை, பெரிய சம்பளம் என்று நிறுவனங்கள் வாதாடின. விமானி செய்வது திறன் சார்ந்த தொழில்நுட்ப வேலை, அவர் தொழிலாளிதான் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விமானப் போக்குவரத்து பழைய தொழில் தகராறு சட்டத்திலேயே பொதுப் பயன்பாட்டுச் சேவை. முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு எல்லாத் தொழிலுக்குமே 14 நாள் நோட்டீஸ் கட்டாயமாக்கியது. சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாளும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் வேலைநிறுத்தம் என்றே கணக்கு. 2009 ஜெட் மாதிரியான வழியை அடைக்கத்தான் இந்த வரி என்று எனக்குத் தோன்றுகிறது. நோட்டீஸ் கொடுத்ததும் சமரசம் தொடங்கும், சமரசம் தொடங்கியதும் வேலைநிறுத்தம் கூடாது. ஆக, சட்டப்படி வேலையை நிறுத்த ஏறத்தாழ வழியே இல்லாதபோது, நிர்வாகத்தின் மேல் அழுத்தம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். உங்கள் சின்ன சங்கத்தின் கடிதத்துக்கு மதிப்பு அங்கேதான் வருகிறது.

உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. சட்டவிரோத வேலைநிறுத்தம் என்று தெரிந்தே அதற்குப் பணம் கொடுப்பதும், அதைத் தூண்டுவதும் பழைய சட்டத்திலும் குற்றம், புதியதிலும் குற்றம். அதனால் தீர்மானத்தில் 'வேலைநிறுத்தம் செய்யுங்கள்' என்ற தொனி ஒரு வார்த்தைகூட வேண்டாம், உண்டியலும் வேண்டாம். சங்கத்தோடு கூட்டாகப் பேச வேண்டும், தனித்தனி ஒப்பந்தம் கூடாது, ஓய்வு விதிகளில் யாருக்கும் விலக்கு கொடுக்கக்கூடாது, சங்கத்தில் இருப்பதற்காகப் பழிவாங்கல் கூடாது. இந்த நான்கு கோரிக்கைக்கு ஆதரவு என்று எழுதுங்கள். விமானத் துறையின் தகராறுகள் மாநிலத் தொழிலாளர் துறைக்கு வராது, மத்திய தலைமைத் தொழிலாளர் ஆணையரின் கீழ் வரும். நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிரச்சினையும் அதே அமைப்பிடம்தான் போகிறது. எனவே நெய்வேலிச் சங்கங்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே கடிதமாக அனுப்பினால், அந்த மேசையில் இருப்பவர்களுக்கு நம்மை ஏற்கெனவே தெரியும். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் ஒன்றாக சிக் லீவ் போட்டு, 25 பேரை நிறுவனம் நீக்கியபோது, அந்த ஆணையர் முன்னால் நடந்த பேச்சில்தான் அவர்களைத் திரும்ப எடுக்க ஒப்புக்கொண்டார்கள். அது வேலை செய்யும் இடம்தான், தள்ளிவிட வேண்டாம்.

பதிலுக்கு அவர்களிடம் என்ன கேட்பது? கூச்சப்படாமல் கேளுங்கள். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர், கழுவுகிறவர், சக்கர நாற்காலி தள்ளுகிறவர் என்று பெரும்பாலும் எல்லோரும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், உங்களைப் போலவே. விமானிகளின் சங்கம் அவர்களுடைய கோரிக்கையைத் தன் கடிதத்தில் ஒரு பத்தியாவது எழுதட்டும். அவர்கள் வாயிற்கூட்டம் போடும் நாளில் இரண்டு கேப்டன்கள் சீருடையில் வந்து நிற்கட்டும். இதை ஆதரவுக்கான நிபந்தனையாக வைக்காதீர்கள், ஆனால் தீர்மானத்திலேயே எழுதுங்கள். 1981-ல் பறந்துகொண்டே இருந்தவர்கள் 1983-ல் தனியாக நின்றதைச் சொன்னேனே, அதை உங்கள் அக்கா மகனிடமும் சொல்லுங்கள். இளைஞன், கேட்பான்.

நம் ஊர்க்காரர்கள் தனியாகச் செய்யக்கூடியது இன்னொன்றும் இருக்கிறது. புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் 2024 மார்ச்சில் நின்றுபோன சேவை டிசம்பரில்தான் திரும்ப வந்தது, ஹைதராபாத்துக்கும் பெங்களூருக்கும் சின்ன ஏடிஆர் விமானம். தாமதமாகி, விமானியின் பணி நேரம் முடிந்துவிட்டது, மாற்று விமானி வர வேண்டும் என்று அறிவித்தால் கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் கத்தாதீர்கள். எரிச்சல் வரும், எனக்கும் வரும். ஆனால் நேரம் முடிந்ததும் எழுந்து போகும் அந்த விமானி சட்டப்படி சரியானதைச் செய்கிறார். புகார் எழுதுவதாக இருந்தால் ஆள் போதாமல் ரோஸ்டர் போட்ட நிர்வாகத்தின் மேல் எழுதுங்கள்.

கடைசியாகக் காலக்கணக்கு. சங்கம் நோட்டீஸ் கொடுத்திருக்கிறதா, கொடுத்தால் தேதி என்ன என்று பையனிடம் கேட்டு வாங்குங்கள். முதல் சமரசக் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் தீர்மானம் ஆணையர் அலுவலகத்துக்கும் விமானிகள் சங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் போய்ச் சேர வேண்டும். ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். தீர்மானத்தில் பையன் பெயரோ ஊரோ உறவோ எங்கேயும் வரக்கூடாது. அவன் இன்னும் கோ-பைலட், கேப்டன் ஆவதற்கான சோதனைகள் அவன் முன்னால் இருக்கின்றன. வரைவை எழுதிவிட்டு அனுப்புங்கள், வாசகத்தை நான் பார்த்துத் தருகிறேன்.